தங்கக் கரையின் மது வாணிகம்



ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், கினி வளைகுடாவின் வடபுறத்தில் அமைந்துள்ளது கானா நாடு. 1957 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6 ஆம் நாள் விடுதலை பெறும்வரை அதற்குத் தங்கக் கரை என்பது பெயர். பொன்னுக்கும் கொக்கோவுக்கும் புகழ்பெற்ற அந்நாட்டின் வரலாற்றிலிருந்து, பள்ளிப் புத்தகங்களில் மிகுதியாக இடம்பெறாத ஒரு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்நாட்டின் மது வாணிகமே அப்பகுதி.

மதுவைப் பற்றி மாணவர்களிடம் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மதுவின் கேடுகளை அறநூல்கள் சொல்லியிருக்கின்றன. மருத்துவர்களும் சொல்லி வருகின்றனர். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் நான் இன்று எழுப்பும் கேள்வி வேறு. ஒரு புட்டி மது விலையாகும்போது குடிப்பவனுக்கு மயக்கம் கிடைக்கிறது. விற்பவனுக்கு ஊதியம் கிடைக்கிறது. இவ்விருவரையும் தவிர, மூன்றாவதாக ஒரு கை நீளுகிறது. அது அரசாங்கத்தின் கை. வரி வாங்கும் அந்தக் கைதான், குடிக்காதே என்று அறிவுரை எழுதும் கையாகவும் இருந்தால் என்ன நேரும்? தங்கக் கரையின் வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

முதலில், ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முற்பட்ட நிலையைக் காண்போம். அந்நாட்டின் தென்பகுதியில் காடு அடர்ந்திருக்கும். அக்காட்டிலும் அதன் ஓரங்களிலும் எண்ணெய்ப் பனை செழித்து வளரும். அதன் சாறே அவ்வூர் மக்களின் கள். நம் நாட்டில் மரமேறிப் பாளையைச் சீவிக் கள் இறக்குவார்கள். அங்கே வாழும் ஆகான் மக்களின் வழக்கமோ வேறு. அவர்கள் மரத்தையே சாய்த்துவிடுவார்கள். சில நாள் கிடக்கவிட்டு, குருத்தை அடுத்த பகுதியில் குழி வெட்டி, அதில் தீயைக் காட்டி, ஊறிவரும் சாற்றைக் கீழே வைத்த பானையில் பிடிப்பார்கள். வடக்கே மரம் குறைந்த புல்வெளி நாட்டில் சோளத்தை முளைகட்டிக் காய்ச்சி, 'பீட்டோ' என்னும் பானம் செய்வார்கள். அதைக் காய்ச்சுவதும் விற்பதும் பெண்களின் தொழில். சுரைக்குடுக்கையில் வார்த்துக் குடிப்பது வழக்கம்.

இந்தக் கள்ளுக்கும் பீட்டோவுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இரண்டும் விரைவில் கெட்டுப்போகும். காலையில் இனிக்கும் கள் மாலையில் கடுக்கும், மறுநாள் புளிக்கும். ஆகவே அதைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. சேர்த்துவைத்து விலையேறும்போது விற்கவும் இயலாது. துறைமுகத்தில் நிறுத்தித் தீர்வை வாங்கவும் இயலாது. ஊரில் பிறந்து ஊரிலேயே முடியும் பொருள் அது. மூதாதையர்க்கு நிலத்தில் வார்ப்பதும், திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் பரிமாறுவதும் ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பில் இருந்தன. மது இருந்தது; ஆனால் மது வாணிகம் என்று சொல்லத்தக்க பெரிய அமைப்பு இல்லை.

காய்ச்சி வடித்த சாராயம் இந்த நிலையை மாற்றியது. அது கெடாது. பீப்பாயில் அடைத்தால் கடல் கடக்கும். புட்டியில் அடைத்தால் பல்லாண்டு நிற்கும். சிறிய இடத்தில் பெரிய மதிப்பை அடக்கும். அளந்து கணக்கெழுதத் தகுந்தது. வாணிகனுக்கும் சுங்க அதிகாரிக்கும் இதனினும் ஏற்ற சரக்கு வேறு எது?

போர்த்துக்கீசியர் 1482 ஆம் ஆண்டில் எல்மினா என்னுமிடத்தில் கோட்டை கட்டினர். 1637 ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். ஆங்கிலேயரும் டேனியரும் அக்கரையில் வரிசையாகக் கோட்டைகள் அமைத்தனர். முதலில் பொன்னை நாடி வந்தவர்கள் பின்னர் மனிதர்களை வாங்கத் தொடங்கினர். துணி, துப்பாக்கி, வெடிமருந்து, உலோகப் பாத்திரம் ஆகியவற்றோடு சாராயமும் அந்தக் கொடிய வாணிகத்தில் விலைப்பொருளாயிற்று.

இதற்கு ஐயமற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு அக்காலத்தில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அந்நாட்டார் 1764 ஆம் ஆண்டில், சர்க்கரைப் பாகின்மீது விதிக்கப்படும் தீர்வையை எதிர்த்து இலண்டனுக்கு ஒரு முறையீடு அனுப்பினர். தங்கள் நாட்டில் 30க்கு மேற்பட்ட சாராய வடிசாலைகள் உள்ளன என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 18 கப்பல்கள் சுமார் 1,800 பெரும் பீப்பாய் ரம் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்கின்றன என்றும் அதில் எழுதினர். இதைக் குற்றமாக அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை; தங்கள் தொழிலின் பெருமையாகவே எடுத்துரைத்தனர். தங்கக் கரையில் அந்தக் கப்பல்களுக்கு 'ரம்காரர்கள்' என்றே பெயர் வழங்கிற்று.

அந்த வாணிகத்தின் சுழற்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு விளைவித்தனர். அக்கரும்பின் பாகு ரோட் ஐலண்டுக்குச் சென்று ரம்மாயிற்று. அந்த ரம் தங்கக் கரைக்குச் சென்று மேலும் அடிமைகளை வாங்கிற்று. அவர்கள் மீண்டும் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர். ஒரு மனிதன் தன் உழைப்பால் உண்டாக்கிய பொருளே, அவனுடைய தம்பியை விலைக்கு வாங்கும் நாணயமாக மாறியது. மது வாணிகத்தின் வரலாற்றில் இதனினும் கசப்பான பக்கத்தை நான் படித்ததில்லை.

1807 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. அதன்பின் ஐரோப்பிய வாணிகர் பனையெண்ணெயை நாடினர். வாங்கும் சரக்கு மாறியது. கொடுக்கும் சரக்கு மாறவில்லை. எண்ணெய்க்கு ஈடாகவும் ரம்மும் ஜின்னும் இறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து உருளைக்கிழங்கில் வடித்த மலிவான சாராயம் மேற்காப்பிரிக்கா முழுவதும் பரவியது. டச்சு நாட்டு ஜின், பச்சைக் கண்ணாடியில் செய்த சதுரப் புட்டிகளில் பெட்டி பெட்டியாக வந்தது.

டச்சுக்காரர் 1872 ஆம் ஆண்டில் தங்கள் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினர். ஆனால் அவர்களுடைய ஜின் வெளியேறவில்லை. 'ஷ்னாப்ஸ்' என்ற பெயரால் அது ஆகான் மக்களின் சடங்குகளுக்குள்ளும், கா, எவே மக்களின் சடங்குகளுக்குள்ளும் புகுந்தது. மூதாதையரை அழைத்து நிலத்தில் வார்க்கும் கள்ளின் இடத்தை ஷ்னாப்ஸ் பெற்றது. பெண் கேட்டுச் செல்பவர் கொடுக்கும் மணப்பொருளை ஆகான் மொழியில் 'டிரி ன்சா' என்பர். 'தலைக்குரிய மது' என்பது அதன் பொருள். நிலம் வேண்டித் தலைவரிடம் செல்பவர் தரும் தொகைக்கும் 'மதுப்பணம்' என்றே பெயர் நிலைத்தது. இன்றும் கானாவில் ஷ்னாப்ஸ் புட்டியின்றி ஒரு தலைவரைக் காணச் செல்வது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அயல்நாட்டுச் சரக்கொன்று ஒரு மக்களின் தொன்மரபாகவே மாறிவிடுவதற்கு மூன்று நான்கு தலைமுறைகள் போதுமென்பதை இது காட்டுகிறது.

இனி அரசாங்கத்தின் கதைக்கு வருவோம். ஆங்கிலேயர் 1874 ஆம் ஆண்டில் தங்கக் கரையை முறைப்படி தங்கள் குடியேற்ற நாடாக அறிவித்தனர். ஆளுநர், நீதிமன்றம், போலீசு, சாலை, துறைமுகம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை இலண்டன் தராது. அந்நாட்டிலேயே தேட வேண்டும் என்பது அக்காலத்துக் கொள்கை. எப்படித் தேடுவது?

நேர்முக வரி விதிக்க அவர்கள் முன்னரே ஒருமுறை முயன்றிருந்தனர். 1852 ஆம் ஆண்டில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று தலைவரி விதித்தனர். கேப் கோஸ்டில் கூடிய தலைவர்கள் அதற்கு இசைந்தனர். ஆனால் வரிப்பணம் எங்கே செல்கிறதென்று மக்கள் கேட்கத் தொடங்கினர். 1854 ஆம் ஆண்டில் அக்ராவை அடுத்த கிறிஸ்டியன்ஸ்போர்க் பகுதியில் மக்கள் எதிர்த்தெழுந்தனர். ஆங்கிலேயர் ஊரைப் பீரங்கியால் சுட்டு அடக்கினர். ஊர் அடங்கியது, ஆனால் வரி தண்டுவது கடினமாயிற்று. சில ஆண்டுகளில் அந்த வரி கைவிடப்பட்டது. அதன்பின் வருமான வரி என்பது தங்கக் கரைக்கு 1943 ஆம் ஆண்டில்தான் வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அரசாங்கம் எதைக்கொண்டு வாழ்ந்தது? சுங்கத் தீர்வையைக் கொண்டு வாழ்ந்தது. சுங்கத்திலும் பெரும்பங்கு சாராயத்தினின்று வந்தது. முதல் உலகப் போருக்கு முற்பட்ட ஆண்டுகளில் அரசாங்கத்தின் மொத்த வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதுத்தீர்வையே. தலைவரி கேட்டால் மக்கள் கிளர்ந்தெழுவர். ஜின் புட்டியின் விலைக்குள் வரியை ஒளித்துவைத்தால் ஒருவரும் கேளார். வசூலிக்க ஊரூராக ஆள் அனுப்ப வேண்டியதில்லை; துறைமுகத்தில் நாலைந்து அதிகாரிகள் போதும். மறைமுக வரியின் வசதியும் ஆபத்தும் இதில் ஒருங்கே அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்று வந்தது. ஆப்பிரிக்க மக்களைச் சாராயத்தால் கெடுக்கிறோம் என்று சமயத் தொண்டர்கள் குரலெழுப்பினர். 1890 ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் வல்லரசுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அடிமை வாணிகத்தை ஒழிப்பதே அதன் தலையாய நோக்கம். அதே உடன்படிக்கையில் ஆப்பிரிக்காவின் வடக்கு 20 பாகைக்கும் தெற்கு 22 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்புக்கு மதுவைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. சாராயம் இதுவரை செல்லாத இடங்களில் அதைத் தடுக்க வேண்டும். ஏற்கெனவே சென்றுவிட்ட இடங்களில் நூறு லிட்டருக்கு 15 பிராங்குக்குக் குறையாமல் தீர்வை விதிக்க வேண்டும். இதன்படி தங்கக் கரையின் வடபகுதியில் அயல்நாட்டுச் சாராயம் தடுக்கப்பட்டது. தென்பகுதியில் தீர்வை விதிக்கப்பட்டது. 1899 ஆம் ஆண்டில் அந்தக் குறைந்த அளவு 70 பிராங்காகவும், 1906 ஆம் ஆண்டில் 100 பிராங்காகவும் உயர்த்தப்பட்டது.

இந்தத் தீர்வை இரு சாராரையும் ஒருங்கே மகிழ்வித்தது. விலை ஏறினால் குடி குறையும் என்று மதுவிலக்காளர் மகிழ்ந்தனர். தீர்வை ஏறினால் வருவாய் பெருகும் என்று கருவூலத்தார் மகிழ்ந்தனர். இருவரும் ஒருங்கே சரியாக இருக்க முடியுமா? குடி உண்மையில் குறைந்தால் வருவாய் குறையும். வருவாய் பெருகினால் குடி குறையவில்லை என்று பொருள். தங்கக் கரையில் நடந்தது இரண்டாவது. 1903 ஆம் ஆண்டில் செக்கந்தித் துறைமுகத்திலிருந்து குமாசி நகருக்கு இரயில் பாதை முடிந்தது. தார்க்வா, ஒபுவாசி ஆகிய இடங்களில் பொற்சுரங்கங்கள் பெருகின. அங்கே கூலிக்கு உழைத்த மக்கள் திரண்டனர். 1911 ஆம் ஆண்டளவில் அந்நாடு உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாயிற்று. குடியானவன் கையில் பணம் புழங்கியது. விலை ஏறியபோதும் ஜின் விற்பனை படுத்துவிடவில்லை. இரயில் பெட்டி உள்நாட்டிலிருந்து கொக்கோவைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. திரும்பும்போது ஜின் பெட்டிகளை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது.

முதல் உலகப் போர் ஹாம்பர்க் சரக்கை நிறுத்தியது. போர் முடிந்ததும், 1919 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10 ஆம் நாள், பிரான்சிலுள்ள சென் ஜெர்மேன் என்னுமிடத்தில் வல்லரசுகள் புதிய உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. அதன் விதிகளில் மூன்றை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, ஆப்பிரிக்காவுக்கென்றே செய்து அனுப்பும் மட்டமான 'வாணிகச் சாராயம்' தடை செய்யப்பட்டது. இரண்டாவது, ஏனைய சாராய வகைகளுக்கு, நூறு லிட்டர் தூய சாராயத்துக்கு 800 பிராங்குக்குக் குறையாத தீர்வை விதிக்கப்பட்டது. மூன்றாவது, அந்த ஆப்பிரிக்க நாடுகளுக்குள் எவ்வகைச் சாராயத்தையும் காய்ச்சி வடிப்பது அடியோடு தடை செய்யப்பட்டது.

முதல் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் இடையே என்ன நிகழ்ந்தது, பார்த்தீர்களா? ஐரோப்பாவில் வடித்த 'நல்ல' சாராயம் தீர்வை கட்டிவிட்டு உள்ளே வரலாம். ஆப்பிரிக்கன் தன் பனங்கள்ளைத் தன் கொல்லையில் வடித்தால் அது குற்றம். இரண்டும் சாராயமே, குடலைச் சுடுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று துறைமுகத்தின் வழியாக வந்தது. மற்றொன்று அவ்வழியாக வரவில்லை. உடன்படிக்கை எழுதியவர்களில் பலர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர்கள் எழுதிய சட்டம் நடைமுறையில் கருவூலத்துக்கும் காவலாக நின்றது.

1920களில் கொக்கோ விலை நன்றாக இருந்தது. ஜின் இறக்குமதி மீண்டும் பெருகியது. மதுவிலக்காளரின் குரலும் மீண்டும் உயர்ந்தது. 1930 ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனை ஆராய ஒரு குழுவை அமர்த்தியது. ஜின் இறக்குமதியை ஆண்டுக்காண்டு குறைத்துப் பத்தாண்டுகளில் நிறுத்திவிடுவது என்னும் கொள்கை உருவாயிற்று, தீர்வையும் உயர்த்தப்பட்டது. காகிதத்தில் இது சிறந்த திட்டம். ஆனால் அதே நேரத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கொக்கோ விலை சரிந்தது. 1930 ஆம் ஆண்டிலும் பின்னர் 1937 ஆம் ஆண்டிலும் குடியானவர்கள், ஐரோப்பியக் கம்பெனிகள் கொடுத்த விலைக்குக் கொக்கோவை விற்க மறுத்து நிறுத்திவைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஒருபுறம் ஜின் விலை உயர்ந்தது. மறுபுறம் மக்கள் கையில் காசு இல்லை. குடிப்பழக்கமோ பல தலைமுறையாக ஊன்றியது. இந்த மூன்றும் சேர்ந்தபோது விளைந்தது 'அக்பெடெஷி'.

அக்பெடெஷி என்பது பனங்கள்ளிலிருந்தோ கரும்புச் சாற்றிலிருந்தோ காய்ச்சி வடிக்கும் நாட்டுச் சாராயம். மறைந்திருத்தலைக் குறிக்கும் கா மொழிச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். ஒளித்துக் காய்ச்சி ஒளித்துக் குடித்த பானத்துக்கு ஏற்ற பெயர்தான். அதைக் காய்ச்சப் பெரிய ஆலை வேண்டியதில்லை. புளித்த கள்ளை ஒரு தகரப் பீப்பாயில் ஊற்றி அடுப்பேற்ற வேண்டும். ஆவி செல்ல ஒரு செப்புக் குழாய் வேண்டும். அந்தக் குழாய் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் சுற்றிவர வேண்டும். மறுமுனையில் சொட்டுச் சொட்டாகச் சாராயம் விழும். காட்டுக்குள் ஓடையோரத்தில் ஓர் இரவில் அமைத்து விடியுமுன் கலைத்துவிடலாம்.

1930களில் இத்தொழில் காட்டுத்தீப்போல் பரவியது. கொக்கோவால் வாழ முடியாத குடியானவனுக்கு அது பிழைப்பாயிற்று. சந்தையில் விற்கும் பெண்களுக்கு அது கைமுதலாயிற்று. செக்கந்தியின் துறைமுகத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அவர்கள் கூலிக்கு எட்டும் குடியாயிற்று. அரசாங்கம் போலீசை ஏவியது, அடுப்புகளை உடைத்தது, சிறைகளை நிரப்பியது. தொழில் ஒழியவில்லை. ஒளிந்து செய்யும் தொழிலில் தூய்மையைச் சோதிப்பார் யார்? குடிப்பவனின் உடல்தான் அந்த விலையைக் கொடுத்தது.

அரசாங்கத்தின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். ஜின் இறக்குமதி சரிந்தது. அதனால் தீர்வையும் சரிந்தது. ஆனால் மக்கள் குடியை விட்டதாகச் சொல்ல வழியில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து மது மறைந்ததே தவிர ஊரிலிருந்து மறையவில்லை. கள்ளச் சாராயத்தை ஒடுக்குவது மக்களின் உடல்நலத்துக்காக என்று அதிகாரிகள் கூறினர். அரை நூற்றாண்டுக் காலம் ஜின் தீர்வையில் ஆட்சி நடத்தியவர்கள் அப்படிக் கூறியபோது மக்கள் நம்பவில்லை. இங்கேதான் நான் உங்கள் கவனத்தைச் சிறப்பாக வேண்டுகிறேன். அறிவுரை தவறானதன்று, மது கேடுதான். ஆனால் அதைச் சொல்லும் தகுதியை அரசாங்கம் தன் கையாலேயே விற்றுவிட்டிருந்தது. மெய்யான சொல்லும், அதனால் பயன்பெற்றவன் வாயிலிருந்து வரும்போது பொய்போல் ஒலிக்கிறது.

சட்டத்தின் மற்றோர் ஏற்றத்தாழ்வும் மக்கள் கண்ணில் பட்டது. 1931 ஆம் ஆண்டில் அக்ராவில் ஐரோப்பிய முதலீட்டில் மதுவாலை ஒன்று நிறுவப்பட்டது. காய்ச்சி வடித்தல்தான் தடை செய்யப்பட்டதே தவிர பீர் ஆக்குவது தடை செய்யப்படவில்லை. ஆகவே ஆலை நடத்தும் கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. அடுப்பு மூட்டிய கிராமத்தானுக்குச் சிறை கிடைத்தது. ஐரோப்பியர் மன்றத்தில் விஸ்கி அருந்துவது நாகரிகம். தொழிலாளி குடிசையில் அக்பெடெஷி அருந்துவது குற்றம். இந்த வேறுபாட்டினால் நாட்டுச் சாராயம் ஒரு புதிய பொருளைப் பெற்றது. அது வெறும் குடியாக நில்லாமல் எதிர்ப்பின் அடையாளமாகவும் ஆயிற்று. விடுதலை இயக்கம் பொதுமக்களிடம் சென்றபோது, அக்பெடெஷி காய்ச்சுவோரும் விற்போரும் குடிப்போரும் அந்தக் கூட்டங்களில் இருந்தனர். வெள்ளையரின் சட்டம் போனால் இந்தத் தடையும் போகும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர்.

அவ்வாறே நடந்தது. விடுதலைக்குப் பின் குவாமே என்குருமாவின் ஆட்சியில் அக்பெடெஷி சட்டத்துக்கு உட்பட்ட பொருளாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அதற்கென விதிகள் வகுக்கப்பட்டன. உரிமம் பெற்றுக் காய்ச்சலாம் என்றாயிற்று. 1958 ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் தனக்கெனச் சாராய வடிசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தது. முன்பு ஐரோப்பியப் புட்டிகள் பெற்றிருந்த இடத்தை நிரப்ப உள்நாட்டு ஜின் வந்தது.

கொடி மாறியது, கொள்கை மாறியது, ஆனால் மூன்றாவது கை மாறவில்லை. சுங்கத் தீர்வையோடு உள்நாட்டு ஆயத்தீர்வையும் சேர்ந்துகொண்டது. அதில் வியப்பில்லை. பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் கட்ட விரும்பிய இளம் அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது. வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற வரிமுறையே அதன் கையில் இருந்தது. விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றுக்கும் நேர்ந்த இடர்ப்பாடு இது.

அண்மைக் காலத்தைப் பற்றியும் சில சொல்லுவேன். 1989 ஆம் ஆண்டில் கசாப்பிரெக்கோ என்னும் உள்நாட்டு நிறுவனம் எழுந்தது. மூலிகை ஊறிய கசப்புச் சாராயங்களைப் புட்டியில் அடைத்து விற்று அது பெரிதும் வளர்ந்தது. அந்தச் சரக்கு இன்று அண்டை நாடுகளுக்கும் செல்கிறது. ஐரோப்பியரிடமிருந்து வாங்கிக் குடித்த நாடு பிறர்க்கு விற்கும் நாடாகவும் ஆகியிருக்கிறது. பீர் ஆலைகள் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்களின் கையில் உள்ளன. பீருக்கு வேண்டிய பார்லி கானாவில் விளைவதில்லை. உள்நாட்டு மூலப்பொருளைப் பயன்படுத்தும் ஆலைக்கு ஆயத்தீர்வையில் சலுகை உண்டு என்று அரசு அறிவித்தது. அதன் விளைவாக 2012, 2013 ஆம் ஆண்டுகளில் மரவள்ளிக் கிழங்கைக் கலந்து செய்த பீர் வகைகள் வெளிவந்தன. கிழங்கு பயிரிடும் குடியானவனுக்குச் சந்தை கிடைத்தது. ஏழைக்கும் எட்டும் விலையில் பீர் கிடைத்தது. முன்னதை நன்மை என்போம். பின்னதை என்னவென்று சொல்லுவது? அக்பெடெஷி குடித்தவன் பீருக்கு மாறினால் ஒருவகையில் நன்மை. குடியாதவனும் குடிக்கத் தொடங்கினால் தீமை. வரிச்சலுகை ஒன்றின் பலனை அளப்பது எவ்வளவு கடினம் என்பதை இதனால் அறியலாம்.

அரசின் மற்றொரு கையும் செயல்படாமல் இல்லை. கானாவின் உணவு, மருந்து ஆணையம் மது விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. புகழ்பெற்ற கலைஞரோ விளையாட்டு வீரரோ மது விளம்பரத்தில் தோன்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இளைஞர்கள் அவர்களைக் கண்டு மயங்குவர் என்பதே காரணம். இதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. கலைஞரின் பிழைப்புரிமையைப் பறிப்பதாக வாதிடப்பட்டது. 2024 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அத்தடையை நிலைநிறுத்தியது. 1890 ஆம் ஆண்டின் விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அது வெளிநாட்டார் பிரஸ்ஸல்ஸில் கூடி எழுதியது. ஆப்பிரிக்கர் எவரும் அங்கே கையொப்பமிடவில்லை. இது அந்நாட்டு ஆணையம் விதித்து, அந்நாட்டார் எதிர்த்து, அந்நாட்டு நீதிபதிகள் ஆராய்ந்து தீர்த்தது. அதிலும் இந்த விதியால் கருவூலத்துக்கு ஒரு காசும் வருவதில்லை. ஆகவே இதன் நோக்கத்தை ஐயுறுவதற்கு இடம் குறைவு.

நண்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவைச் சொல்லி அமைகிறேன். தடை பயனற்றது என்று இது காட்டுவதாகச் சிலர் சொல்லுவர். அது அவசர முடிவு. தங்கக் கரையில் மெய்யான தடை ஒருபோதும் முயலப்படவில்லை. தீர்வை வாங்கிக்கொண்டே தடுக்கும் முறைதான் முயலப்பட்டது. தடை செய்தால் எல்லாம் சரியாகும் என்று வேறு சிலர் சொல்லுவர். காட்டோரத்து அடுப்புகள் அவர்களுக்கு விடை சொல்லும். பிழைப்புக்கு வேறு வழியும் குடிப்பவனுக்கு வேறு ஆறுதலும் இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் நின்று வெல்லாது.

எனக்குத் தோன்றுவது இது. ஒரு தீமையை ஒழிக்க விரும்பும் அரசு, முதலில் அத்தீமையிலிருந்து வரும் வருவாய் இல்லாமல் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையேல் சீர்திருத்தம் ஓரடி முன்வைக்கும்போதெல்லாம் வரவுசெலவுத் திட்டம் அதை ஓரடி பின்னுக்கு இழுக்கும். தங்கக் கரையின் ஆளுநர்கள் தீயவர்கள் அல்லர்; அவர்களில் சிலர் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டினர். அவற்றின் செங்கற்களில் ஜின் தீர்வையும் கலந்திருந்தது. குமாசிச் சந்தையில் ஒரு தொழிலாளி குடித்தழித்த கூலியின் ஒரு பகுதி, அவன் மகன் படித்த பள்ளியின் சுவராயிற்று. அந்தக் கூலி முழுமையாக வீடு வந்து சேர்ந்திருந்தால் அம்மகன் இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம். இந்த இரண்டில் எது பெரிது என்று எந்த அரசாங்கமும் தன் அறிக்கையில் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

வரலாறு பயிலும் மாணவர்கள் போர்களையும் உடன்படிக்கைகளையும் படிப்பதோடு நின்றுவிடலாகாது. ஓர் ஆட்சி எதைக் கொண்டு தன் செலவை நடத்தியது என்பதையும் தேடிப் படிக்க வேண்டும். சுங்க அட்டவணை சுவையற்ற ஏடுதான். ஆயினும் ஆட்சியாளர் தம் மக்களிடம் உண்மையில் எதை விரும்பினர், எதை விரும்புவதாகச் சொல்லிக்கொண்டனர் என்னும் இரண்டையும் பிரித்துக் காட்ட அதைவிட நேர்மையான சான்று வேறில்லை.